பக்கத்து சீட்டு பிரேக்

மார்ச் 4

கண்ணாடிக்கடை அம்மாவுக்கு அன்புடன்,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் அக்கா போய் நான்கு மாதம் ஆகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கடை திறக்கிறீர்களா?

அக்காவுக்கு வந்த சினைப்பைப் புற்றுநோய் குடும்பத்தில் இறங்கிவரும் வகை. உங்கள் அம்மாவும் அதில்தான் போனார் என்று அக்கா சொன்னார். கூடப்பிறந்த உங்களை நான் சும்மா விட முடியாது. முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. அதில் குறை தெரிந்தால் சினைப்பைகளை எடுத்துவிடுவது நல்லது. பயப்படாமல் வாருங்கள்.

உங்கள் டாக்டர்

மார்ச் 11

டாக்டரம்மாவுக்கு வணக்கம்.

கடை திறக்கிறேன். ஊரார் பார்வையைச் சரிபண்ணி அனுப்புகிறேன். என் காதுதான் சரியில்லை. அக்கா டிரைவிங் ஸ்கூலில் இருபது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்பவர்களுக்காக பிரேக் பிடித்தவள் அல்லவா? சோபாவில் டிவி பார்க்கும்போதுகூட அவள் வலது கால் தரையை 'டப்' என்று அழுத்தும். "இங்க ஏதுடி பிரேக்கு?" என்று கேலி செய்வேன். இப்போது ஆளில்லாத சோபாவுக்குக் கீழே அந்தச் சத்தம் கேட்கிறது. சிரிக்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனை வேண்டாம். நேரே ஆபரேஷன் செய்துவிடுங்கள். நாள் மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கை

மார்ச் 15

அன்புள்ள அம்மா,

ஊசி வேண்டாம், கத்தி வேண்டும் என்று கேட்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். காரணம் தெரியாமல் நான் கை வைக்க மாட்டேன். எதுவானாலும் எழுதுங்கள். என் மேசையைத் தாண்டிப் போகாது.

உங்கள் டாக்டர்

மார்ச் 22

டாக்டரம்மா,

உங்கள் மேசையைத் தாண்டாது என்றீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் அக்கா தங்கை இல்லை. பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியவர்கள். முதல் நாள் நீங்கள், "கூடப் பொறந்தவங்களா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறக்குமுன் அவள், "ஆமா டாக்டர், என் தங்கச்சி" என்று முந்திக்கொண்டாள். பல வருடத்துக்கு முன் வேறொரு இடத்தில் உண்மையைச் சொல்லிப் பட்டது போதும் என்றிருந்தாள். அந்த டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "ஆம்பளை சகவாசமே இல்லன்னா உங்களுக்கெல்லாம் சோதனை எதுக்கு?" என்று இருவரையும் அனுப்பிவிட்டார். அப்புறம் வயிறு வீங்கும்வரை அவள் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை.

சாவு வீட்டில் அவள் அண்ணன் என்னை 'ஃபிரண்டு' என்று சொல்லி ஓரமாக நிறுத்தினார். உங்களிடம் மட்டும்தான் நான் அவள் ரத்தம். பரிசோதனை செய்தால் ரத்தம் வேறென்று தெரிந்து, உங்களிடமும் நான் யாரோ என்றாகிவிடும். அதற்கு வயிற்றில் இரண்டு உறுப்பு போனால் போகட்டும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். இனி என்னை வரச் சொல்ல மாட்டீர்கள்.

மார்ச் 25

அன்புள்ள அம்மா,

வாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

"இவங்க உங்களுக்கு யாரு?" என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது எல்லோரிடமும் அப்படித்தான் கேட்கிறேன்.

ஆபரேஷன் கிடையாது. ஆனால் அந்த டாக்டர் சொன்னது சுத்தத் தப்பு. கருப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் பரவும். உங்களுக்கு அதற்கான சோதனை செய்யவே இல்லை, இல்லையா? உள்ளே வைத்துப் பார்க்கச் சின்ன அளவுக் கருவி வைத்திருக்கிறேன். விரும்பினால் நீங்களே பொருத்திக்கொள்ளலாம். "போதும்" என்றால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன். துணைக்கு யார் வேண்டுமோ அழைத்து வாருங்கள்.

உங்கள் டாக்டர்

ஏப்ரல் 9

டாக்டரம்மாவுக்கு,

ரிசல்ட் நன்றாக இருக்கிறது என்று நர்ஸ் போனில் சொன்னார். போனை எடுத்தேன், பார்த்தீர்களா!

அன்று சோதனை அறையில், "கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டீர்கள். தலைமாட்டு நாற்காலியைப் பார்த்தேன். நீங்கள் அதிலிருந்த உங்கள் பையை எடுத்துக் கீழே வைத்தீர்கள். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது?

பாதியில் வலித்தது. "போதும்" என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நீங்கதான் தரையில காலை அழுத்தினீங்களே, டப்புன்னு கேட்டுச்சே" என்றீர்கள்.

டாக்டரம்மா, என் கால் இரண்டும் கட்டிலின் மேலே இருந்தன.

இப்படிக்கு,
அவள் வீட்டுக்காரி