இரண்டாவது கோடு

என் மகளின் அப்பாவுக்கு,

என் துணிகளை மூட்டை கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டீர்கள். என் தங்கச்சி பார்த்துவிட்டுச் சொன்னாள். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், அதனால் கேட்கவில்லை.

போனில் சிரித்துக்கொண்டே சொன்னதை மறுபடி எழுதுகிறேன். நான் வேலைக்கு வந்திருக்கும் இந்த ஊர் ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு எச்ஐவி பரிசோதனை கிட் வந்தது. அதை நம்பலாமா என்று பார்ப்பதுதான் என் வேலை. நோய் இல்லாதவர்களின் ரத்தம் வேண்டியிருந்தது, ஊழியர்களே கொடுத்தோம். என் ரத்தத்துக்கு மட்டும் இரண்டாவது கோடு விழுந்தது. அப்படி விழுந்தால் நோய் இருக்கலாம் என்று மட்டுமே அர்த்தம். உறுதிப் பரிசோதனையும் செய்தோம். எனக்கு ஒன்றும் இல்லை.

“உன்னையே மாட்டிவிடப் பாத்துச்சே இந்தக் கழுத, திருப்பி அனுப்பு” என்றார் மேலதிகாரி அம்மா. நாங்கள் கிட்டைத்தான் மூட்டை கட்டினோம்.

நீங்கள், “அங்க யாரு கூட இருந்தே?” என்று கேட்டுப் போனை வைத்தீர்கள். மறுநாளே ஓடிப்போய் உங்கள் ரத்தத்தைச் சோதித்தீர்களாமே. உங்களுக்கு இல்லை என்ற சோதனையை நம்புகிறீர்கள், எனக்கு இல்லை என்றதை நம்பமாட்டீர்கள். எனக்கு இருந்தே இருந்தாலும் துணியிலோ போனிலோ அது பரவாது.

மூட்டையில் பச்சை ஸ்வெட்டர் இருக்கும். ஆய்வகம் குளிர்கிறது, அனுப்புங்கள். பாப்பாவின் பழைய சட்டை ஒன்றையும் அதற்குள் வையுங்கள். துவைக்க வேண்டாம்.

இடைவேளை முடிந்துவிட்டது. போன ஞாயிறும் மணி அடித்து ஓய்ந்தது. இந்த ஞாயிறு போனை எடுத்து அவளிடம் கொடுங்கள்.