ஆர்க்கிடாமியாவும் எங்கள் தெரு வாய்க்காலும்

நவ. 11, திங்கள்

கடலூர். காலையிலிருந்து மூட்டம், தூறல். துணி காயவில்லை.

பணியில் இருந்தபோது எட்டாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், ஊருக்கு ஆபத்துன்னா ராணிங்க எங்க ஒளிஞ்சிப்பாங்க?" அன்று நான் சொன்ன பதில் ஆர்க்கிடாமியா. பழங்கால கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா அரச குடும்பம், பெரும் பணக்காரி, பாடப்புத்தகத்தில் இல்லாதவள். எதிரிப் படை நெருங்கியபோது பெண்களைக் கிரீட் தீவுக்கு அனுப்ப ஆண்கள் சபை கூடியது. வாளோடு உள்ளே போனாள். ஊர் போனபின் நாங்கள் மட்டும் இருப்பதா என்று கேட்டாள். பெண்கள் போகவில்லை. அகழி வெட்டினார்கள். மூன்றில் ஒரு பங்கு அவர்கள் வேலை.

இன்று அவள் நினைவு வரக் காரணம் தெருக்கூட்டம். புயல் வருகிறதாம். தெருச் சங்கச் செயலாளர் தனசேகர்: "லேடீஸ், பசங்க எல்லாம் சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிடுங்க. ஆம்பளைங்க நாங்க வாய்க்கால் வெட்டிக்கிறோம்."

போன மழையில் எதிர்வீட்டு நூர்ஜஹானின் தையல் மெஷின்கள் எல்லாம் போயின. அதுதான் அவள் பிழைப்பு. இப்போதுதான் புதிதாக இரண்டு வாங்கியிருக்கிறாள்.

நவ. 12, செவ்வாய்

விட்டு விட்டு மழை. வாங்கியது: டார்ச் செல், மெழுகுவத்தி, பால் பவுடர், பி.பி. மாத்திரை.

சிதம்பரத்திலிருந்து மகள் கவிதா போன். "கார் அனுப்பறேன், வந்துடும்மா."

"கார் வேணாம். மண்வெட்டி இருந்தா அனுப்பு."

"வெளாட்றியா?"

ஆண்கள் பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, வடகிழக்கில் ஆரம்பித்தார்கள். எந்த வேலைக்கும் ஈசானி மூலைதானே. எங்கள் தெருவில் அதுதான் மேடு! தண்ணீர் போகவேண்டிய ஓடையோ தென்மேற்குக் கோடியில், என் வீடு, நூர்ஜஹான் வீடு இரண்டையும் தாண்டி. ஓடை வாய் அடைத்தே கிடக்கிறது. வெட்டிய வாய்க்கால் வழியே மொத்தத் தண்ணீரும் நூர்ஜஹான் வாசலுக்கு. மதியம் முதல் படி முழுகியது.

போய்ச் சொன்னேன். "டீச்சர் இன்னும் பஸ் ஏறலயா?" என்று ஒரே சிரிப்பு.

நூர்ஜஹானிடம் ஆர்க்கிடாமியா கதை.

"ராணியம்மாவா? மண்ணு வெட்டுனாங்களா?"

"ராணியம்மா கூட இருந்த பொம்பளைங்க எல்லாம்."

"அப்ப என்னாக்கா பாத்துக்கினு நிக்கிறோம்? மண்வெட்டி நா எடுத்தாறேன். வாள் நீங்க எடுத்தாங்க."

வாளுக்கு எங்கே போக. குடை இருக்கிறது.

நவ. 13, புதன்

கனமழை. கிளம்பாத பெண்கள் ஏழெட்டுப் பேர். ஓடையிலிருந்து மேல்நோக்கி வெட்டினோம். நான் சேற்றுக் கூடை. நூர்ஜஹான் வீட்டில் தண்ணீர் கடைசிப் படி வரை. மெஷின்கள் கட்டில்மேல்.

தனசேகர் வந்து பேச்சை இழுத்தார். "பூஜை போட்ட எடத்த உட்டுட்டு…"

குடையை மடக்கி நீட்டினேன். "தம்பி, உன் வூட்டு வாஷ்பேசின் அடைச்சிக்கினா மேல தண்ணி ஊத்துவியா, கீழ பைப்பக் குத்துவியா?"

 வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் இறங்கினார். பின்னாலேயே மற்றவர்களும்.

சாயங்காலம் இரண்டு வெட்டும் சேர்ந்தன. என்ன சத்தம்! தண்ணீர் ஓடைக்குத் திரும்பியது. ஒவ்வொரு படியாக வெளியே வந்தது. மெஷின்களில் சொட்டு ஈரமில்லை.

நூர்ஜஹான்: "அந்தம்மா பேரு என்னாக்கா? வாயில நொழையல. எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லணும்."

நவ. 14, வியாழன்

வெயில். முதுகு பிடிப்பு, வெந்நீர் ஒத்தடம். எதிர்வீட்டில் மெஷின் ஓடும் சத்தம்.

கவிதா மண்வெட்டி அனுப்பியிருக்கிறாள், காரில்!

அடுத்த மழைக்கு முன்: தெருவில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார். அது போய்ச் சேரும் இடத்தில் முதல் வெட்டு வெட்டு.