கேட்டதெல்லாம் கொடுத்த சாமி

கே.ஜி.கண்டிகை
10-6-2024

அன்புள்ள பாவாவுக்கு,

வரலட்சுமி எழுதிக்கறேன். நான் இங்க நல்லா இருக்கேன். நீங்க வேளைக்குச் சாப்பிடறீங்களான்னுதான் தெரியல. பிரஷர் மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல இருக்கு, தேடாதீங்க.

போனை எடுக்கலன்னு கோவமா இருப்பீங்க. போன்ல ஆரம்பிச்சா நீங்க ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, கடைசியில யாராவது ஒருத்தர் பட்டுனு வெச்சுடறோம். நீங்க கரண்ட் ஆபீஸ் வேலையில சேர்ந்து தர்மபுரியில இருந்தப்ப லெட்டர்தானே போட்டுக்கினு இருந்தோம். அப்ப ஒரு சண்டைகூட வரல. அதான் எழுதறேன்.

எங்க நைனா வீடு பூட்டியே கெடந்ததுல ஒரே தூசி. பக்கத்து வீட்டு அம்சா வந்து பெருக்கிக் கழுவிக் குடுத்தா. கரும்பு வெட்டப் போவாளே, அந்த அம்சாதான். "அண்ணன் வரலையாக்கா?"ன்னு கேட்டா. வேலை இருக்குன்னு சொன்னேன். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு என்ன வேலைன்னு அவ கேக்கல.

நான் ஏன் வந்தேன்னு உங்களுக்குப் புரியலன்னு ஷோபனாகிட்ட சொன்னீங்களாம். டப்ளின்ல அவ பிரசவ வலியில கெடந்தப்ப, பேரனுக்கு முதல் முடி திருத்தணி மலையிலதான்னு வேண்டிக்கினேன். போன மாசம் பேரன் அரசுவோட வந்தவகிட்ட சொன்னேன். "அந்தக் கூட்டத்துல அரசு பயந்துடுவான்மா, எதுக்கு?"ன்னா. அது பரவால்ல. பெத்தவ, பயப்படுவா. ஆனா நீங்க சிரிச்சீங்களே பாவா. "முருகன் என்ன முடி ஏற்றுமதியா பண்றாரு?"ன்னு மாப்பிள்ளை முன்னாடி. எல்லாரும் சிரிச்சீங்க. நான் அடுப்பைத் துடைக்கற மாதிரி உள்ள போயிட்டேன். என் வீட்லயே எனக்குப் பாஷை தெரியாத மாதிரி இருந்துச்சு.

ஆடிக் கிருத்திகை முடியற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.

இப்படிக்கு,
வரலட்சுமி


வேளச்சேரி, சென்னை
19-6-2024

வரலுவுக்கு,

உன் கடிதம் வந்தது. கையால் எழுதின முகவரியைப் பார்த்து வாட்ச்மேன், "சார், ஏதாவது கோர்ட் விஷயமா?" என்று ரகசியமாகக் கேட்டார். என் மனைவி எழுதியது என்றேன். இன்னும் பயந்துவிட்டார்.

நான் சிரித்தது தப்புதான். ஆனால் விஷயத்தைக் கொஞ்சம் யோசி. கரும்புத் தோட்டக் கூலிக்காரன் மகன் நான். மழை இல்லையா, மலைக்கு ஓடு. காய்ச்சலா, மலைக்கு ஓடு. வேறு போக்கிடம் இல்லாத ஜனங்கள் போன இடம் அது. நமக்குப் படிப்பு வந்தது, மாதச் சம்பளம் வந்தது, போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. ஓடவேண்டிய தேவை போய்விட்டது. டப்ளினில் ஷோபனா வீட்டுத் தெருமுனையில் இருந்த சர்ச்சில் இப்போது ஓட்டல் நடக்கிறதாம். அந்த ஊரில் யாரும் அழவில்லை. படிப்பும் வசதியும் வந்த எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது. இதில் உனக்கு என்ன அவமானம்?

காப்பி டிகாக்‌ஷன் எனக்கு இறங்கவே மாட்டேன் என்கிறது. மேலே தண்ணீர் அப்படியே நிற்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

ஆதிகேசவன்


கே.ஜி.கண்டிகை
28-6-2024

அன்புள்ள பாவாவுக்கு,

தூளைப் போட்டு அழுத்தாதீங்க. லேசா தட்டிவிட்டா போதும்.

நீங்க எழுதினதை ரெண்டு மூணு தடவை படிச்சேன். பொய்யின்னு சொல்ல முடியல. ஆனா ஒண்ணு கேக்கறேன். ஷோபனாவுக்கு ரெண்டு வயசுல ஜுரத்துல இழுப்பு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ராத்திரி நேரம், பஸ் வரல. அவளைத் தோள்ல போட்டுக்கினு ரோட்டுல ஓடினீங்க, நான் பின்னாலயே ஓடியாந்தேன். மலை தெரியற எடத்துல நின்னு, "முருகா, அவளை விட்டுடு, என்னை எடுத்துக்கோ"ன்னு கத்தினீங்க. கத்தினது நான் இல்ல. நீங்கதான். அந்த மனுஷன் எங்க போனாரு பாவா? ஆம்புலன்ஸ் வந்ததும் போயிட்டாரா?

நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். குழந்தை முடிக்குப் பதிலா என் முடியைக் குடுக்கறேன். கிருத்திகைக்கு அம்சா பூக்காவடி எடுக்கறா, அவகூட போறேன். அவ பொண்ணு துர்காவுக்கு நர்சிங் காலேஜ்ல எடம் கெடைக்கணும்னு வேண்டுதல். ராவும் பகலும் அவளுக்கு அதே பேச்சுதான்.

வரலட்சுமி


வேளச்சேரி
8-7-2024

வரலு,

அவசரப்படாதே. ஷோபனாவிடம் சொன்னேன், அழுதுவிட்டாள். டிசம்பரில் வருகிறார்களாம். "அம்மாவுக்காக மொட்டை போடறோம்பா, மாலதீவு போற வழியில ஒரு நாள்தானே" என்கிறாள். மாப்பிள்ளையும் சரி என்றுவிட்டார். இனி நீ உன் தலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? அறுபது வயதில் மொட்டைத் தலையோடு இந்த அபார்ட்மென்டில் எப்படி நடப்பாய்? என்னையல்லவா கேட்பார்கள்?

ஆத்திரத்தில் அந்த இரவையும் இழுத்துவிட்டாய். ஞாபகம் இருக்கிறது. அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

பதில் போடு.

ஆதிகேசவன்


கே.ஜி.கண்டிகை
2-8-2024

அன்புள்ள பாவாவுக்கு,

பதில் போடாததுக்குக் காரணம் கோவம் இல்ல. கிருத்திகை முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சிருச்சு. குடுத்துட்டேன்.

டிசம்பர்ல அவங்க எனக்காக வரவேணாம்னு ஷோபனாகிட்ட சொல்லிடுங்க. சாமிக்குன்னு இல்லாம எனக்குன்னா அந்த முடியை நான் என்ன பண்றது?

இப்ப எழுதப்போறதை யார்கிட்டயும் சொல்லல. அம்சாகிட்டகூட. 

சரவணப்பொய்கையில முழுகிட்டு மொட்டை மண்டபத்துல உக்காந்தேன். பக்கத்துல ஆந்திராவுலருந்து வந்த ஒரு குடும்பம், ஒரே அரோகரா சத்தம். முடி எடுக்கறவங்க ஒரு பொம்பளதான். தண்ணி தெளிச்சு, "குனிம்மா"ன்னா. குனிஞ்சேன். முடி மடியில விழுது. முந்தியெல்லாம் அந்த எடத்துல கால் வெச்சாலே எனக்கு உடம்பு நடுங்கும், கண்ணுல தண்ணி ஊத்தும், உங்களுக்கே தெரியும். இப்ப வரும், இப்ப வரும்னு காத்துக்கினு இருந்தேன். தலை குளுந்துச்சு. அவ்வளவுதான். சந்தனம் தடவிக்கினு மலை ஏறினேன். கூட்டத்துல இடிபட்டு சந்நிதிக்கு நேரா வந்து நின்னப்ப எனக்குத் தோணினது என்ன தெரியுமா? மூட்டு வலிக்குதே, எங்கயாவது ஒக்காரலாமான்னு.

அம்சா காவடியோட எனக்கு முன்னால நின்னா. "முருகா, என் பொண்ணை ஒரு வழி பண்ணு முருகா"ன்னு அவ அழுத அழுகை! எனக்குப் பொறாமையா இருந்துச்சு பாவா. கேக்கறதுக்கு அவகிட்ட ஒண்ணு இருக்கு. நான் என்ன கேப்பேன்? வீடு இருக்கு, பென்சன் இருக்கு, மகள் நல்லா இருக்கா, நோவு வந்தா இன்சூரன்ஸ் கார்டு இருக்கு.

அப்புறம் துர்காவைப் பாத்தேன். அம்மா அழறா, இவ ஓரமா நின்னு போன் பாத்துக்கினு இருந்தா. நம்ம ஷோபனா அந்த வயசுல நின்னது மாதிரியே. அம்சா கேக்கறது கெடைச்சிரும். நல்லாப் படிக்கற பொண்ணு. நர்ஸாவா, வெளிநாடு போவா, அம்சாவைக் கூட்டிக்கினு போய் நல்லா வெச்சுக்குவா. அதோட அந்த வீட்லருந்து மலைக்கு வர்ற கடைசி ஆள் அம்சாதான். அது அவளுக்குத் தெரியாது. 

நம்மளுக்கும் அப்படித்தானே? கேட்டதெல்லாம் குடுத்தாரு. குடுத்துக் குடுத்தே நம்மள வெளிய அனுப்பி வெச்சுட்டாரு. நீங்க முன்னாடியே போயிட்டீங்க. நான் வாசல்லயே நின்னுக்கினு, உள்ளதான் இருக்கோம்னு நெனைச்சுக்கினு இருந்திருக்கேன். 

உங்க சிரிப்புலருந்து தப்பிச்சு அவர்கிட்ட வந்தேன்னு நெனைச்சேன். இங்க வந்து பாத்தா யாரும் இல்ல. சென்னைக்கு வரவும் புடிக்கல. வந்தா நீங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்.

வரலட்சுமி


வேளச்சேரி
9-8-2024

வரலு,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷமாக நான் சொன்னதுதானே. ஆனால் பயந்துபோனேன்.

எனக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்ததே, அன்று காலையில் நீ நெற்றியில் திருநீறு பூசினாய். வழக்கம்போல முணுமுணுத்தேன். உள்ளே கொண்டுபோனதும் நர்ஸ் அதைத் துடைக்க வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. சாமி காப்பாற்றும் என்று நான் நினைக்கவில்லை. வெளியே ஒருத்தி உட்கார்ந்து அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள், அது போதும் என்றிருந்தது.

இப்போதுதான் புரிகிறது. நீ நம்புகிறாய் என்ற தைரியத்தில்தான் நான் நம்பாமல் இருந்தேன். வீட்டில் ஒருத்தர் விழித்திருந்தால் மற்றவர் நிம்மதியாகத் தூங்கலாம் இல்லையா, அப்படி. இப்போது நீயும் இல்லை என்கிறாய். இந்த வீட்டில் யார் விழித்திருப்பது?

நான் ஜெயிக்கவில்லை வரலு. என் சத்தமே எனக்குத் திரும்பிக் கேட்கிற மாதிரி இருக்கிறது இந்த வீடு. உன் பூஜை அலமாரியைத் திறந்து பார்த்தேன். விளக்கை ஏற்றலாமா என்று நினைத்தேன். யாருக்காக என்று தெரியவில்லை. மூடிவிட்டேன்.

உன்னைத் திரும்பி வா என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. நான் அங்கே வரட்டுமா? வாதம் பண்ண மாட்டேன். மலைக்கும் கூப்பிட மாட்டேன். சும்மா இருக்கிறேன்.

உன்
ஆதிகேசவன்


கே.ஜி.கண்டிகை
14-8-2024

பாவாவுக்கு,

வாங்க. ஞாயித்துக்கிழமை காலை ரயில்ல வாங்க, கூட்டம் இருக்காது. சட்டை துணிமணி நெறைய எடுத்துக்கினு வாங்க. எத்தினி நாளுன்னு இப்ப பேசவேணாம்.

துர்காவுக்கு எடம் கெடைச்சிருச்சு. அம்சா தெருவெல்லாம் சர்க்கரை குடுத்தா. எனக்கும் குடுத்தா. "நம்ம முருகன் கைவிடலக்கா"ன்னா. ஆங், ஆமான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது அவகிட்ட?

பொழுது சாயறப்பதான் இங்க ஒரு மாதிரி இருக்கு. மலை மேல லைட்டு போடுவாங்க. பழக்கத்துல கை கன்னத்துக்குப் போயிடுது. அப்புறம் அந்தக் கையை என்ன பண்றதுன்னு தெரியல. நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னா பரவால்ல. பேசவேணாம். இருந்தா போதும்.

ஸ்டேஷன்லயே நிக்கறேன். தலையில முடி இல்ல, முகமே மாறிப்போயிருக்கு. யாரோன்னு நெனைச்சுத் தாண்டிப் போயிடாதீங்க.

வரலு