குடை மடிப்பில் நீலப்பூ

இன்று காலை பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. போன வாரம் உன் மகள் கொண்டுவந்து தந்த உன் குடையை முதல் தடவையாக விரித்தேன். மடிப்புக்குள்ளிருந்து காய்ந்த பூக்கள் நாலைந்து என் தோளில் விழுந்தன. மங்கிப்போன நீலம்.

அந்தப் பூவை எனக்குத் தெரியும். ஏப்ரலில் நாம் வெள்ளறடைப் பக்கத்து மலைக்குப் போனபோது, உச்சியை ஒட்டிய புல்வெளியில் அதுதான் பூத்துக் கிடந்தது. கீழே ஒரு இடத்திலும் நான் பார்க்கவில்லை. ஆனால் நீ அங்கே வரவே இல்லையே?

போகலாம் என்று பிடிவாதம் பிடித்தவளே நீதான். காரோடு ஊருக்குப் பக்கத்தில் கடலோரம் பிறந்தவள். "எங்க கடல் அவ்வளவு உயரத்துல இருந்து எப்படி இருக்கும்னு ஒருக்கா பாக்கணும் மக்கா" என்று ஆபீஸ் பஸ்ஸில் ஒரு வருஷம் என் காதைத் தின்றாய்.

ஏறும்போது, இறங்கி வருகிறவர்களிடமெல்லாம் "இன்னும் எவ்வளவு உண்டு?" என்று கேட்டாய். இதோ வந்துவிட்டது என்று எல்லாரிடமும் ஒரே பதில்: "இன்னா, எத்தியாச்சு!"

"ஒரு மணிக்கூறுக்கு முன்னாலயும் இதையேதான் சொன்னாவ. மலையில கள்ளம் சொன்னா பாவம் கிடையாது போல" என்று சிரித்தாய். பாதி வழியில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டாய். "முட்டு வலிக்கி. நீ போயிட்டு வா."

நான் மட்டும் போனேன். வானம் துடைத்துவைத்தது போல இருந்தது. தூரத்தில் உன் கடல் வெள்ளிக் கோடாக மின்னியது. நெடுநேரம் நின்றேன்.

திரும்பி வந்தபோது அதே பாறையில், மடக்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய்.

"கடல் தெரிஞ்சுதா?"

"இல்ல. ஒரே மஞ்சு." உன்னை வருத்தப்படுத்த வேண்டாம் என்று, இல்லாத மூடுபனியைச் சொன்னேன்.

என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாய். "அப்போ எனக்கு நட்டம் ஒண்ணும் இல்ல" என்றாய். மூன்று வாரத்தில் நெஞ்சு வலி வந்து போய்விட்டாய். அந்தக் குடை இன்றுவரை மழையைப் பார்க்கவே இல்லை.

என் பின்னாலேயே ஏறி வந்தாயா? வந்தால் ஏன் கூப்பிடவில்லை? கடலைப் பார்த்துவிட்டுத்தான் என் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்தாயா? இல்லை, இறங்கி வந்த யாரோ அந்தப் பூக்களைத் தந்துவிட்டுப் போனார்களா? ஒன்றை நம்பினால் மனம் ஆறுகிறது. உடனே மற்றது வந்து நிற்கிறது.

பூக்களைப் பொறுக்கி அதே மடிப்பில் வைத்துக் குடையை மடக்கிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: "கையில குடை உண்டுல்லா, பின்ன எதுக்கு நனைஞ்சிட்டு வாறிய?"

"கேடாயிப்போச்சு" என்றேன்.