கியர்பெட்டிக்குள் மரத்தூள்

ஜனவரி 6, ஞாயிறு

காலையிலிருந்து மழை. விறகெல்லாம் ஈரம். முழங்கால் வலி.

நல்லதை முதலில் எழுதிடறேன்.

சரோஜா: ஈப்போ ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி, இரண்டாம் வருஷம் பாஸ். மேட்ரனே கூப்பிட்டுக் கை கொடுத்தாளாம். இந்த ரப்பர் தோட்டத்திலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் பொண்ணு என் பேத்தி.

பாலன்: கிள்ளான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வகுப்பில் இரண்டாவது. முதலாவது டாக்டர் மகன். வீட்டிலேயே வாத்தியார் வெச்சுப் படிக்கிறவனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

லெட்சுமி: தேவாரம் பாடிப் பித்தளைக் கிண்ணம் பரிசு. குரல் என்னுடையது.

இதுங்களோட அப்பன் ராமையாவையும் சேர்க்கணும். தோட்டத்து லோரி ஓட்டினவன் இப்போ சொந்தக் காரில் ஆள் ஏத்துறான். நம்ம லயத்து வீடுகளில் கார் வாங்கின முதல் ஆள் என் மகன்.

கார். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். சுத்திச் சுத்தி வேறே எழுதிக்கிட்டு இருக்கேன்.

இரண்டு வாரம் ஒழுங்கா ஓடிச்சு. இப்போ உறுமுது. சூடானா கியர் விழ மாட்டேங்குது, விழுந்தாலும் துள்ளி வெளியே வந்துடுது. ஒரு மணி நேரம் நிறுத்தி ஆற விட்டா ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடுது. ஆறு மணிக்கு ஊரடங்கு, முள்கம்பி வேலிக் கேட்டைப் பூட்டிடறாங்க. ரப்பர் காட்டு ரோட்டில் அந்நேரம் வண்டி நின்னா ஒரு பக்கம் காட்டில் ஒளிஞ்சு சண்டை போடற கம்யூனிஸ்ட்காரங்க, ஒரு பக்கம் பட்டாளம். யார் முதலில் வந்தாலும் கெட்டதுதான்.

நேற்று மகன் ரா. கிள்ளானுக்குப் போய் வித்த முதலாளியைப் பார்த்தான். சபாபதி. பழைய கார் வாங்கி விற்கிறவர். கடையில் நாலு பேர் இருக்கும்போதே கேட்டாராம்:

"பொட்டு வெச்சு, மாலை போட்டுக் கூட்டிட்டுப் போன பொண்ணை மாசம் திரும்பறதுக்குள்ள கொண்டாந்து விடுவியா தம்பி?"

நாலு பேரும் சிரிச்சாங்களாம். இவன் திரும்பி வந்துட்டான். சோறு வேண்டாம்னு படுத்துட்டான்.

பொட்டு வெச்சது நான்.

ஜனவரி 8, செவ்வாய்

மழை விட்டது. கோழி ஒண்ணைக் காணோம். கீரிப்பிள்ளை வேலை.

வாங்கின நாளை நினைச்சுக்கிட்டே இருக்கேன். கார்த்திகை கடைசி வெள்ளி. இரண்டு நாளில் மார்கழி பிறந்துடும், மார்கழியில் வண்டி வாங்கக் கூடாது, தை வரைக்கும் காத்திருந்தா வேறே ஆள் எடுத்துடுவான். அந்த அவசரம். "ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துடறேம்மா"ன்னு ரா. கேட்டான். பூசை முடிஞ்சு எலுமிச்சம்பழம் நசுக்கறதுக்கு முன்னாடி என்ஜினைக் கிளப்பக் கூடாதுன்னுட்டேன். சபாபதி முதலாளி கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவர் ஆளுங்களே இரண்டு பேர் காரைத் தள்ளிக்கிட்டு எதிர்க் கோயில் வாசலுக்குக் கொண்டு வந்தாங்க. ராகுகாலத்துக்கு முன்னாடி வெத்திலைத் தட்டில் பணம் கைமாறிடுச்சு. பிறகுதான் சாவி திருப்பினது.

பக்கத்து ஸ்டூடியோக்காரன் படம் எடுத்தான். நான், ரா., மருமகள் பார்வதி, பாலன், லெட்சுமி, மாலை போட்ட கார். ஓரத்தில் முதலாளியும் சிரிச்சுக்கிட்டு.

யாரும் என்னை ஒண்ணும் சொல்லலை. பார்வதி கூடச் சொல்லலை. இரண்டு நாளா என் டீயில் மட்டும் சீனி குறையுது.

சாயங்காலம் தாமஸ் கிராணி வீட்டுக்குப் போனோம். தோட்டத்து ஆபீசில் எழுதுகிறவர், சட்டம் கொஞ்சம் தெரிஞ்சவர். வேதக்காரங்க, வீடு சுத்தமா இருக்கு. கேட்டார்:

"என்ன வேலைக்குன்னு சொல்லி வாங்கினீங்கம்மா?"

"ஆள் ஏத்தி ஓட்டறதுக்கு ஐயா. ஊரடங்குக்கு முன்னாடி திரும்பணும், வழியில் நிக்கவே கூடாதுன்னும் சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"'இது வழியில நின்னா என் பேரை மாத்திக்கிறேன் பாட்டி'ன்னாரு. கோயில் பண்டாரம் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

"அது போதும். இன்ன வேலைக்குன்னு தெரிஞ்சு வித்தா, அந்த வேலைக்கு ஆகலேன்னா வித்தவர் பொறுப்பு. பழைய காரா இருந்தாலும்."

ஓட்டிப் பார்க்காம வாங்கினதை நானே சொன்னேன். குரல் இறங்கிப் போச்சு. அவர் சிரிக்கலை.

"ஓட்டிப் பாத்திருந்தா 'பாத்துத்தானே எடுத்தீங்க'ன்னு கேப்பாரு. இப்ப அது முடியாது. ஒண்ணு மட்டும். சாட்சி இல்லாம யாரையும் கியர்பெட்டியைப் பிரிக்க விடாதீங்க, நீங்களே கெடுத்தீங்கன்னு சொல்லிடுவாரு. வண்டியையும் ஓட்டாதீங்க."

ரா. மெதுவா: "ஓட்டலேன்னா சாப்பாட்டுக்கு என்னங்க ஐயா பண்றது?"



ஜனவரி 9, புதன்

நானும் ரா.வும் பஸ்சில் கிள்ளான். இரண்டு இடத்தில் இறக்கிச் சோதனை. என் வெத்திலைப் பையைக் கூடக் கொட்டிப் பார்த்தான் ஒரு சின்னப் பையன். அவனுக்கு ஒரு துப்பாக்கி.

முதலாளி நாற்காலி போட்டார். ஆரஞ்சுத் தண்ணி. நான் குடிக்கலை. காரைத் திரும்ப எடுத்துக்கணும், இல்லேன்னா அவர் செலவில் சரி பண்ணித் தரணும்னு கேட்டேன். கிராணி சொன்னதை அப்படியே சொன்னேன், மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போயிருந்தேன்.

"சட்டம்லாம் பேசுறீங்களே பாட்டி. சரி, தை பொறக்கட்டும், பாக்கலாம்."

"ஏன், இப்ப என்ன?"

"மார்கழியில வாங்க மாட்டேன்னீங்க. திருப்பித் தர மட்டும் மார்கழி ஆகுமா?"

கடைப் பையன்கள் முதுகைத் திருப்பிக்கிட்டாங்க, சிரிப்பை அடக்க. நான் எழுந்துட்டேன்.

எதிரே கோயிலில் பண்டாரத்தைக் கேட்டோம். "நான் மணி அடிச்சிக்கிட்டு இருந்தேன், எதுவும் காதுல விழலை"ன்னார். கோயில் புது விளக்கில் உபயம் சபாபதின்னு எழுதியிருக்கு.

வாங்கியது: மஞ்சள் கொத்து, கல்கண்டு, லெட்சுமிக்கு ரிப்பன்.

ஜனவரி 12, சனி

வெயில். சாணி மெழுகினேன்.

மத்தியானம், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி. வேறே வண்டி இல்லை. ரா. ஒரு நிமிஷம் நின்னான், பிறகு சாவியை எடுத்தான். கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரி, போயிட்டு உடனே வந்துடறேன்னான்.

போகும்போது கூப்பிட்டுச் சொன்னேன், தஞ்சோங் காராங்கில் தெரிஞ்ச மலாய்க்காரர் கிட்டே பொங்கலுக்குக் கொஞ்சம் புத்தரிசி வாங்கிட்டு வான்னு. பங்கீட்டு அரிசியில் பொங்கினா சூரியனுக்கே பிடிக்காது. அப்படித்தான் சொன்னேன்.

"அரிசி கொண்டு வரக் கூடாதும்மா. காட்டுக்காரங்களுக்குப் போகுதும்பான். பிடிச்சா கேசு."

"ஒரு படி அரிசியை எவன் பாக்கப் போறான்?"

ஆறு மணி. கேட்டைப் பூட்டிட்டாங்க. கார் வரலை.

ஜனவரி 13, ஞாயிறு

ரா. போலீஸ் ஸ்டேஷனில். மண்டோர் போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னார்.

புக்கிட் ரோத்தான் தாண்டி ரப்பர் காட்டு ஓரம் கியர் விழாம நின்னிருக்கு. ஆறட்டும்னு காத்திருக்கான். பட்டாளம் வந்துடுச்சு. ஆசனத்துக்குக் கீழே அரிசி. "காட்டுக்குள்ளே யாருக்குக் கொடுக்க நிறுத்தினே?"ன்னு ஒரே கேள்வி. கார் கெட்டுப் போச்சுன்னிருக்கான். ஒரு சிப்பாய் ஏறி உட்கார்ந்து கிளப்பியிருக்கான். அதுக்குள்ளே ஆறிப் போச்சே. ஸ்டேஷன் வரைக்கும் ஒரு முனகல் இல்லாம ஓடியிருக்கு.

மண்டோருக்கு ஆம்பளைப் பிள்ளை. சொல்லவும் கூச்சப்பட்டுச் சொன்னார்.

ஜனவரி 14, திங்கள். பொங்கல்

பானை வைக்கலை. பக்கத்து வீட்டில் வெச்சாங்க, எங்களுக்காகச் சத்தமில்லாமல்.

ஸ்டேஷனுக்குப் போனோம், நானும் கிராணியும். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், சின்ன வயசு, மூக்கெல்லாம் வெயிலில் உரிஞ்சு போயிருக்கு. ஒரு தமிழ்ப் பையன் மொழிபெயர்த்தான். கார் முன்னாடியே கெட்டதுன்னா வித்தவரை வந்து சொல்லச் சொல்லு, அதுவரைக்கும் அரிசி கொடுக்க நிறுத்தினதாத்தான் எடுத்துக்குவேன்னார். அப்படி எழுதிட்டா ரா.வை எத்தனை வருஷம் அடைச்சு வைப்பாங்கன்னு கிராணி வழியில் சொல்லலை.

கார் வாங்கின நாளைக் காட்ட அந்தப் படத்தைக் கொண்டு போயிருந்தேன். வாங்கி ஃபைலில் வெச்சுக்கிட்டார். திரும்பத் தரலை.

ரா.வைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இரண்டு நாள் தாடி. என்னைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டான்.

ஜனவரி 15, செவ்வாய்

மறுபடி கிள்ளான். தை பிறந்தாச்சு, இப்போ பேசுங்கன்னேன். காரைத் திருப்பித் தர மாட்டேன். காசு கேட்க மாட்டேன். எத்தனை வருஷம் ஆனாலும் உங்க கடை வாசலுக்கு வர மாட்டேன். கியர் முன்னாடியே கெட்டதுன்னு இன்ஸ்பெக்டர் கிட்டே ஒரு வார்த்தை. அவ்வளவுதான். என்னையறியாம கையெடுத்துக் கும்பிட்டிருக்கேன். பக்கத்திலிருந்த கிராணி என் முழங்கையைப் பிடிச்சார்.

முதலாளி கதவைச் சாத்திட்டு வந்து மெதுவாப் பேசினார். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"பாட்டி, நானும் பிள்ளைகுட்டிக்காரன். கம்யூனிஸ்ட் கேசுல என் பேரு வந்தா என்னையும் தூக்கிடுவான். நான் வித்தது நல்ல காரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பயம். கண்ணில் தெரிஞ்சுது. அவர் பயத்துக்கு என் மகன் உள்ளே இருக்கணும்.

திரும்பும்போது கிராணி: "உரிமையை விட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கக் கூடாதும்மா." எனக்குக் காது கேட்கலை.

ஜனவரி 16, புதன்

தூக்கம் இல்லை. உப்பு தீர்ந்தது.

கிராணி தோட்டத்துத் துரையைப் பார்த்தார். துரை இன்ஸ்பெக்டரோடு பேசினார். ஸ்டேஷன் முற்றத்திலேயே, போலீஸ் முன்னாடியே கியர்பெட்டியைப் பிரிக்கலாம்னு அனுமதி. பிரிக்க ஆள் வேணும். புக்கிட் ரோத்தானில் பட்டறை வெச்சிருக்கிற ஆ சோங்கைக் கேட்டோம். ரா.வின் லோரிக் காலத்துச் சிநேகிதன்.

"பாட்டி, நான் சீனன்லா. காட்டுல இருக்கறவனும் சீனன். இந்தக் கேசுக்கு ஸ்டேஷன் உள்ள போனா, வெளிய விடுவானா?"

அவன் பொண்டாட்டி உள்ளேயிருந்து சீனத்தில் ஏதோ கத்தினாள். எழுந்து வந்துட்டேன்.

ஜனவரி 18, வெள்ளி

ஆ சோங் வந்தான். துவைச்ச வெள்ளைச் சட்டை போட்டு, பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு. அவள் கேட்டுக்கு வெளியே குடை பிடிச்சுக்கிட்டு முழுக்க நின்னாள்.

காருக்குக் கீழே படுத்து எண்ணெயைத் தகர டப்பாவில் வடிச்சான். எண்ணெய் இல்லை, கஞ்சி. கையை விட்டு அள்ளிப் பழைய பேப்பரில் போட்டான். மரத்தூள். பல்லெல்லாம் தேய்ஞ்ச சக்கரம் இரண்டு.

"பல்லு போச்சுன்னா சத்தம் வரும். தூள் போட்டா சத்தம் வராது, கொஞ்ச நாளு. விக்கிறவன் வேலை இது, ஓட்டறவன் வேலை இல்லை."

இன்ஸ்பெக்டர் குனிஞ்சு விரலில் தேய்ச்சு மோந்து பார்த்தார். காரின் நெத்தியில் நான் வெச்ச குங்குமம் இன்னும் இருந்தது. மழையில் வழிஞ்சு, காய்ஞ்சு.

கார் தானாகத்தான் நின்னதுன்னு எழுதிக்கிட்டாங்க. முதலாளியைக் கூப்பிட்டு விசாரிப்பாங்களாம். நீங்களும் தனியா வழக்குப் போடலாம், கார் அவர் தலையிலேயே திரும்ப விழும்னு கிராணி சந்தோஷமாச் சொன்னார்.

பையன் மொழிபெயர்த்த கடைசி வார்த்தை: "வண்டி விஷயம் முடிஞ்சது பாட்டி. அரிசி விஷயம் முடியலை."

ஜனவரி 21, திங்கள்

கோர்ட். அரிசிக்கு ஆறு மாசம் ஜெயில். யார் கொண்டு வரச் சொன்னதுன்னு கேட்டாங்க. "நானாத்தான் வாங்கினேன்"ன்னான் ரா. நான் எழுந்தேன். கிராணி உட்கார வெச்சுட்டார். என்னை ஒரு தடவை பார்த்தான், பிறகு பார்க்கலை.

பார்வதி நாளையிலிருந்து ரப்பர் பால் வெட்டுக்குப் போறாள். இன்னிக்கு டீயில் சீனி சரியா இருந்தது. அதுதான் தாங்க முடியலை.

ஜனவரி 23, புதன்

மழை. முதலாளி ஆள் அனுப்பினார், கேசு வேண்டாம், காரைத் திரும்ப எடுத்துக்கிறேன்னு. கிராணி பேசிக்கிட்டு இருக்கார்.

ரா.வைப் புடு ஜெயிலுக்குக் கொண்டு போறாங்க. பார்வதி பார்த்துட்டு வந்தாள். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டானாம், பிள்ளைங்க படம். இருந்த ஒரு படம் போலீஸ் ஃபைலில்.

பாலனும் லெட்சுமியும் சனிக்கிழமை ஸ்டூடியோவுக்கு. வேறே ஸ்டூடியோ.

சரோஜாவுக்கு எழுத வேண்டியது: அப்பா உடம்பு சுகம். இங்கே எல்லாரும் சுகம். உன் புதுப் படம் ஒண்ணு, தாதி உடுப்போடு எடுத்து, உடனே தபாலில் அனுப்பு. நீ மட்டும் நில்லு. பின்னாடி எந்த வண்டியும் இல்லாம பார்த்துக்கோ.