கல்லா மேசைக் கம்ப்யூட்டரைத் துடைத்த கதை

அன்பு மகள் ஜோவெலினுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அவள் வளர்க்கும் இரண்டு பன்றிகளும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். மிலானில் குளிர் ஏறிவிட்டதாமே, நீயும் நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். தினம் வீடியோவில் பார்க்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீடியோவில் உன் அம்மா என் தோளுக்கு மேல் முகத்தை நீட்டிக்கொண்டே இருக்கிறாள், இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

கடையை மூடிவிட்டேன் மகளே. எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, இனி யார் வந்து காசு போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப்போகிறார்கள். எட்டுக் கம்ப்யூட்டரையும் பழைய சாமான்கார ரென்டோயிடம் எடைக்குப் போடுவதாகப் பேச்சு. அவன் வண்டியோடு வந்து நிற்கிற நேரம், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற நம் எல்மர், உன் சித்தப்பா மகன்தான், வந்து சேர்ந்தான். "பெரியப்பா, உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சாச்சா?" என்றான். "தினம் தானா அழியுதுடா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா புதுசு மாதிரி ஆயிடும்" என்று ஜம்பமாகச் சொன்னேன். அதற்கென்று ஒரு ப்ரோகிராம் போட்டிருந்தோமே, இந்தத் தீவில் காசுக் கம்ப்யூட்டர் கடை வைத்த அத்தனை பேரும் அதைத்தானே நம்பினோம். அவன் சிரித்துவிட்டு, "வாசல்ல இருந்த பேர்ப்பலகையத்தான் கழட்டியிருக்கீங்க, குடியிருக்கறவங்க உள்ளயேதான் இருக்காங்க" என்று எதையோ ஓட்டிக் காட்டினான். அடக் கடவுளே! மிலாக்ரோஸ் டீச்சரின் பாஸ்போர்ட், மீன்கார அமடோரின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட், கப்பல் வேலைக்குப் போனவர்களின் பிறப்புச் சான்றிதழ், எல்லாம் வரிசையாக எழுந்து வந்தன. என்னை நம்பி வந்தவர்களை எடைக்குப் போடப் பார்த்தேனே. ரென்டோயை இன்னொரு நாள் வரச் சொன்னேன், "என்னண்ணே, உள்ள தங்கமா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கிண்டலடித்துக்கொண்டே போனான்.

ஒவ்வொன்றிலும் பழையதன் மேல் முழுக்கப் பூஜ்யமாக எழுத வேண்டுமாம், ஒன்றுக்கு அரை நாள் பிடித்தது. ஓடாமல் செத்துக் கிடந்த ஒன்றின் டிஸ்கைக் கழற்றிச் சுத்தியலால் நொறுக்கினேன். கடைசியில்தான் கல்லா மேசையில் இருந்தது, நீ உட்காருவாயே அது. எல்மர் எழுப்பிக் காட்டிய பட்டியலில் உன் பெயர் தெரிந்தது. அவன் காபி குடிக்க உள்ளே போயிருந்தான், நான் திறந்துவிட்டேன். செபு நகர நர்சிங் கல்லூரிக்கு நீ எழுதின கடிதம். தேர்வில் தேறி இடம் கிடைத்ததற்கு நன்றி, அம்மாவுக்கு ஆபரேஷன், வீட்டில் ஆள் இல்லை, அதனால் சேர முடியாது, இதை வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய்.

எங்களிடம் ஃபெயில் என்றல்லவா சொன்னாய்? பத்து வருஷமாக நான் திருவிழாவில் சொந்தக்காரர்களை உட்கார வைத்துக்கொண்டு, "எம்பொண்ணு மண்டையில களிமண்ணுதான்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேனே. நீயும் பன்றிக்கறித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே சிரித்தாயே. பாவி நான்.

அதைக் காப்பி எடுக்கவில்லை, எல்மருக்குக் காட்டவும் இல்லை. நீ அழித்தது அழிந்தே போகட்டும் என்று, அது முழுக்கத் துடைபடும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிறு உன் அத்தை பேத்தி நர்சிங் பாஸ் என்று விருந்து வைத்தார்கள். "நம்மவளுக்கும் கொஞ்சம் படிப்பு ஏறியிருந்தா..." என்று அம்மா ஆரம்பித்தாள். "அவ நல்லாப் படிச்சவதான்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கறி வாங்குகிற சாக்கில் தட்டோடு எழுந்துவிட்டேன். தன்னால்தான் உன் படிப்பு போனது என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள், சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் ஊர் கேட்கத் திட்டின வாய் இப்படி ஒளிந்துகொண்டு மன்னிப்புக் கேட்கிறது, அதுதான் எனக்கு ஆறவில்லை.

நீ வழக்கம்போல் என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டதாக நினைத்து ஆசீர்வதிக்கிறேன், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. பழைய போனைத் தோழிக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னாயே, முழுக்கத் துடைத்துவிட்டுக் கொடு. உண்மையை வெளியில் சொல்லச் 'சரி' என்று ஒரு வார்த்தை எழுது போதும், அன்றைக்கே வீடு வீடாக ஏறி, என் மகள் அப்போதே பாஸ் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

தெரியாமல் திட்டின உன் அப்பா,
வில்ஃப்ரெடோ