குழி 3-இல் கவிழ்ந்திருந்த சட்டி

ஜூலை 8, செவ்வாய்

கச்சான், மேற்கத்திக் காற்று. வாயெல்லாம் மணல். மண்டபத்துக்கு அகழாய்வு வேலைக்குப் போக ஆரம்பித்து நாலாவது வாரம். இன்று கு.3. பழைய முகாம் சுவருக்கு வெளியே. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களைக் கப்பல் ஏற்றுமுன் நோய் பார்க்க அடைத்து வைத்த முகாம். சுவருக்கு வெளியே என்றால் குப்பைமேடாகத்தான் இருக்கும் என்று அகழாய்வுக்குப் பொறுப்பான சார் சொல்லியிருந்தார்.

கிடைத்தவை: சீசா அடிப்பாகம் 2. பித்தளைப் பொத்தான். எனாமல் தட்டு, பாதி. மண்சட்டி ஒன்று, முழுசாக.

சட்டியைப் பார்த்ததும் முனியம்மா அக்கா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். மண் அள்ளும் பெண்களில் மூத்தவர், உச்சிப்புளிக்கு வடக்கே ஏதோ ஊர்.

"ஏம்மா, இது கவுந்துல்ல கெடக்கு."

"குப்பைல எறிஞ்சது எப்படியும் விழும்க்கா."

என்னை ஒரு தடவை பார்த்தார். நனைந்திருந்த என் சுடிதாரையும். "அதுஞ்சரிதான்" என்றார். அதோடு சரி.

பால் கட்டி மார் கல்லாகிவிட்டது. நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதோ. சட்டி மாதிரி எது வந்தாலும் அடியில் இருக்கும் மண்ணையும் சலிக்கணும். முதல் நாளே சார் சொன்ன விதி. சலிக்கவில்லை. "அள்ளிக் கொட்டிருங்க" என்றேன். பதிவேட்டில்: சமையல் சட்டி, கழிவு.

பஸ் கிடைத்தது. பவி பாட்டிலைத் தொடவே இல்லையாம். "ஏழு மாசப் பிள்ளைய விட்டுட்டு அப்படி என்னத்த அளக்குறாகளோ" என்று அத்தை அடுப்பைப் பார்த்துச் சொன்னார். கட்டடம் அளக்கிற வேலை என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

காலையில் கடலோரக் காவல்காரர்கள் இரண்டு பேர். தினமும் இதே கேள்வி. "அக்கரையில இருந்து யாராச்சும் வந்து எறங்குனாகளா?" மு. அக்கா: "போனவுகளத்தான் தோண்டுறோம், வந்தவுக யாருமில்ல." சிரித்தார்கள். ஆதார் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சட்டி கழுவினேன். உள்ளே ஒட்டியிருந்த மண்ணில் ஒரு கறுப்புக் கண்ணாடி வளையல் துண்டு. வளைவை வைத்து அளந்தேன். என் இரண்டு விரல் நுழையாது. கூடவே வெள்ளையாக ஏதோ, அரிசிக் குருணை அளவு. குருணை இல்லை. பல். வேர் விடாத பல். முளைக்காமல் ஈறுக்குள்ளேயே இருந்திருக்கும்.

தண்ணீர் வாளியைத் தள்ளிவிட்டேன்.

மு. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். தொடவில்லை அவர்.

"தெரியும். பல்லு மொளைக்காத பிள்ளைன்னா எங்கூர்லயும் இப்படித்தான். மொகத்துல மண்ணு விழக்கூடாதுன்னு சட்டியக் கவுத்துட்டுத்தான் மூடுவாக."

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"பால் குடுக்குறவ கிட்டக்க நின்னுக்கிட்டு இந்தப் பேச்சப் பேசுவாகளா? பால் வத்திப்போகும். நீ படிச்சவ, இதெல்லாம் ஒனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் எடுக்குறன்னு நெனச்சேன்."

மண் கொட்டின இடத்துக்கு ஓடினேன். வழித்துவிட்ட மாதிரி காலி. சாயங்காலமே டிராக்டர் வந்து பள்ளம் தூர்க்க அள்ளிப் போய்விட்டதாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

கு.3-இல் மிச்சம் இருந்த தரையைச் சலித்தேன். விலா எலும்பு மூன்று. தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். தலை, கை, கால் எதுவும் இல்லை. அதெல்லாம் டிராக்டரில்.

சாரிடம் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. மெதுவாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

"திங்கட்கிழமை இந்தப் பக்கம் மிஷின் விட்டு மட்டம் பண்ணப்போறாங்க, தெரியும்ல? பார்க்கிங். புதைகுழின்னு எழுதுனா அத நிறுத்தணும். தாசில்தார், போலீஸ், எல்லாரும் வருவாங்க. நமக்குக் குடுத்த அனுமதி கட்டடத்துக்கு மட்டும்."

"சார், ஒண்ணு இருந்தா இன்னும் இருக்கும்."

"இருக்கும். ஆனா பதிவேட்டுல என்ன இருக்கு? சமையல் சட்டி. யாரு எழுதுனது?"

நான்.

"யோசிச்சுச் சொல்லும்மா."

யோசிக்க என்ன இருக்கிறது. எழுதினால் என் தப்பு என் கையெழுத்தோடு வெளியே வரும். ஒப்பந்தம் முடிந்த மாதிரிதான். எழுதாவிட்டால் திங்கட்கிழமை மிச்சப் பிள்ளைகள் மேல் மிஷின்.

பவி தும்மினாள். இரண்டு தடவை. சளியா, தூசியா? நெற்றி சூடு இல்லை. மறுபடி தொட்டுப் பார்த்தேன். இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வாங்க வேண்டியது: கிரைப் வாட்டர், சோப்பு, பவிக்கு காட்டன் சட்டை.

நான் எதைத் தோண்டுகிறேன் என்று அத்தைக்குத் தெரிந்துவிட்டது. மு. அக்காவின் தங்கச்சியை இந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். அத்தை திட்டவில்லை. வாசலில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைத்து, "இனிமே தலைக்கு ஊத்திட்டு வந்துதான் பிள்ளையத் தொடணும்" என்றார். பவி உள்ளே வீறிட்டுக்கொண்டிருக்க நான் ஈரத்தலையோடு நடுங்கிக்கொண்டு நின்றேன். அவரைத் தப்பு சொல்ல முடியவில்லை. எனக்குமே தொடப் பயம்.

பவி அப்பாவிடம் போனில் சொன்னேன். "வேலைய விட்ரு. செத்துப்போன பிள்ளைக்காக இருக்குற பிள்ளையக் காயப்போடுவியா?"

சார் கொடுத்த முகாம் பதிவின் நகல்களைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில், திருச்சி ஜில்லாக்காரி ஒருத்தி. பெயர் பாதி அழிந்துவிட்டது. முகாமுக்குள் வந்த அன்று: கைக்குழந்தை 1. கப்பல் ஏறின அன்று அதே கட்டத்தில் ஒரு கோடு. காரணம் எழுதவில்லை. இந்தச் சட்டி அவளுடையதா என்று சொல்லவே முடியாது. அது மாதிரிக் கோடு போட்ட வரிகள் அந்தப் பக்கத்திலேயே இன்னும் இருக்கின்றன. பால் கட்டியிருக்குமே. அதோடுதான் கப்பலில் ஏறியிருப்பாள்.

ஜூலை 14, திங்கள்

எட்டு மணிக்கே மிஷின் வந்து நின்றது. அதற்கு முன் பதிவேட்டைத் திறந்து என் வரியை அடித்தேன். கீழே எழுதினேன்: குழந்தைப் புதைகுழி. சட்டியை எடுக்கச் சொன்னது நான். அடிமண் சலிக்கப்படவில்லை.

சார் படித்தார். பேனா கேட்டார். தானும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய்விட்டார். மிஷின்காரர்: "டீ குடிச்சுட்டு வரவா, இல்ல ஊருக்கே போகவா?" மு. அக்கா: "ஊருக்கே போப்பா. போயி பிள்ளகுட்டியப் பாரு."

மதியத்துக்குள் மேல்மண்ணை மட்டும் துடைப்பத்தால் விலக்கினோம். இன்னும் ஐந்து சட்டி முதுகு தெரிகிறது. எதையும் தொடவில்லை. கயிறு கட்டியாகிவிட்டது.

சார்: "இந்த மாசத்தோட உன் ஒப்பந்தத்தப் புதுப்பிக்க மாட்டாங்க. என்னால கேக்கத்தான் முடியும்." சரி என்றேன்.

மு. அக்கா டிராக்டர்காரரைத் தேடிப் பிடித்துவிட்டார். அந்த லோடு ஒரு லாட்ஜ் வாசலுக்காம். டிராக்டர்காரரே எங்களைக் கூட்டிப்போய் இடம் காட்டினார். "வியாழக்கிழமையே சிமெண்டு போட்டாகக்கா. நல்லா காஞ்சிருச்சு." சுற்றுலா வேன் ஒன்று அதன் மேல் நின்றது. பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் பதிவேட்டில் ஒரு கட்டம் பாக்கி. எச்சம் தற்போது உள்ள இடம். விலா 3, பல் 1, வளையல் துண்டு 1: பெட்டி எண் போட்டேன். மற்றவை என்ற இடத்தில் லாட்ஜ் வாசல், சிமெண்ட் தரைக்குக் கீழே என்று எழுதினேன். சார் அதை அடிக்கவில்லை.